குயில்ட்டுக்கு எந்த மெஷின்? என் ஓட்டு நேர்த்தையலுக்கே

“குயில்ட் தைக்கக் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசைக்கா. எந்த மெஷின் வாங்கட்டும்? வீட்டுல அம்மாவோட பழைய கால் மெஷின் சும்மாதான் கிடக்கு. அதை எடைக்குப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிடவா?”

ஊரும் பெயரும்தான் மாறும், இந்தக் கேள்வி மாறுவதில்லை. என் முதல் பதிலும் மாறுவதில்லை: எடைக்குப் போடாதீர்கள். துணி போட்டு மூடி, மேலே செய்தித்தாள் அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அந்தக் கறுப்பு மெஷின் குயில்ட் வேலைக்குப் பல புது மெஷின்களைவிடப் பொருத்தமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் எல்லாப் பழசும் நல்லதில்லை, எல்லாப் புதுசும் வீணில்லை. எதை, எப்போது, எப்படிப் பார்த்து வாங்குவது என்று இந்தப் பதிவில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பேசப் போவது மெக்கானிக்கல் மெஷின்களைப் பற்றி மட்டும். உள்ளே எலெக்ட்ரானிக் போர்டு, திரை எதுவும் இல்லாமல், சக்கரமும் தண்டும் திருகும் கொண்டு ஓடுகிற வகை. மிதித்து ஓட்டுவதும் உண்டு, கையால் சுற்றுவதும் உண்டு, மோட்டார் வைத்ததும் உண்டு.

குயில்ட் மெஷினிடம் என்ன கேட்கிறது?

மெஷினைப் பார்க்கும் முன் வேலையைப் பார்ப்போம். குயில்ட்டில் இரண்டு வேலை. முதலாவது, சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டி மேல்துணியை உருவாக்குவது. இரண்டாவது, மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்றையும் அடுக்கி, மேலே தையல் ஓட்டி ஒன்றாக்குவது.

முதல் வேலைக்குத் தேவை துல்லியம். ப்ளவுஸ் தைக்கும்போது உள்ளே துணி விட்டுத் தைப்போம். நாளைக்குப் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். குயில்ட்டில் அந்தச் சலுகை கிடையாது. ஓரத்திலிருந்து கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான் தையலுக்கு விடுவோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வரிசையில் 9 சதுரம் என்றால் 8 தையல். ஒவ்வொரு தையலிலும் 1 மி.மீ. கூடுதலாகப் பிடித்துவிட்டால், இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து 2 மி.மீ. போகும். 8 தையலுக்கு 16 மி.மீ. பக்கத்து வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டு வரிசையின் மூலைகளும் ஒன்றோடொன்று சேரவே சேராது.

இந்தத் துல்லியத்துக்கு நாற்பது வகைத் தையல் தேவையில்லை. ஒரே ஒரு நேர்த்தையல், ஆடாமல் அசையாமல், ஒரே நீளத்தில் விழ வேண்டும். ஜிக்ஜாக் எப்போது தேவை? துணியில் பூ, இலை, பறவை என்று வெட்டி ஒட்டி ஓரம் கட்டும் அப்ளிக் வேலைக்கு. அதையும் கையால் செய்கிறவர்களுக்கு ஜிக்ஜாக்கே வேண்டாம். ஆக, குயில்ட்டுக்கு மெஷின் தேடுவது என்றால் நல்ல நேர்த்தையல் தேடுவது. என் மொத்தக் கட்சியும் இதுதான்.

நேர்த்தையல் மட்டுமே தைக்கும் மெஷினில் இன்னொரு ரகசியம் அதன் பிளேட்டில் இருக்கிறது. ஊசி இறங்கும் ஓட்டை சின்ன வட்டம். ஜிக்ஜாக் மெஷினில் ஊசி இடமும் வலமும் போக வேண்டுமே, அதனால் ஓட்டை அகலமாக இருக்கும். மெல்லிய பருத்தித் துண்டின் முனையிலிருந்து தைக்கத் தொடங்கும்போது அந்த அகல ஓட்டைக்குள் துணியை ஊசி இழுத்துக்கொண்டு போய்விடும். முக்கோணத் துண்டு தைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். கறுப்பு மெஷினில் இது மிகவும் குறைவு.

நம் வீட்டுக் கறுப்பு மெஷின் யார்?

மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொள்ளும் தையலுக்கு அமெரிக்காவில் எலையாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை பெற்றார். ஐசக் மெரிட் சிங்கர் 1851-ல் தன் மெஷினுக்குப் பெற்றார். சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856-ல் தவணை முறையைக் கொண்டுவந்த பிறகு, மொத்தமாகப் பணம் கட்ட முடியாத குடும்பங்களுக்குள்ளும் மெஷின் நுழைந்தது. இலங்கையில் 1877-லேயே சிங்கர் கடை திறந்துவிட்டது.

சிங்கரின் மாடல்களில் 15 என்ற எண் கொண்ட வரிசைதான் நமக்கு முக்கியம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்தது. வட்டமான பாபின், அதற்கு ஒரு பாபின் கேஸ், முன்னும் பின்னும் பாதி வட்டம் ஆடும் ஷட்டில். இந்த அமைப்பு அவ்வளவு எளிமையாகவும் உறுதியாகவும் இருந்ததால் உலகமே அதைப் பின்பற்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானியத் தொழிற்சாலைகள் 15-ஐ ஒட்டிய மெஷின்களை ஏராளமாகச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பின. இங்கே கல்கத்தாவின் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1930-களில் உஷா மெஷின்களைச் செய்யத் தொடங்கியது. உஷா, மெரிட், இன்னும் லூதியானாவிலிருந்து வரும் பல பெயர்களில் இருக்கும் நேர்த்தையல் கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

இதில் நமக்கு என்ன லாபம்? உதிரிபாகம். பாபின், பாபின் கேஸ், ஷட்டில், டென்ஷன் ஸ்பிரிங், பெல்ட் எல்லாம் சின்ன ஊர்த் தையல் சாமான் கடையிலும் கிடைக்கும். இதைப் பிரித்துப் போடத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஒருவராவது இருப்பார். மதுரை புதுமண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து மிதித்த காட்சியைப் பார்த்தவர்கள், இந்த மெஷின் எவ்வளவு உழைக்கும் என்று என்னிடம் கேட்க மாட்டார்கள். நாளெல்லாம் உழைக்கவே பிறந்த மெஷின் இது. குயில்ட் அதற்குப் பெரிய சுமையே இல்லை.

மற்ற பழைய சிங்கர்கள்

உறவினர் வீட்டில், பழைய சாமான் கடையில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சந்தைகளில், வேறு சிங்கர்களும் கண்ணில் படும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

27, 127: படகு வடிவ ஷட்டில், நீளமான குச்சி பாபின். தையல் அழகாக விழும். ஆனால் ஷட்டிலும் பாபினும் கூடவே இருக்கிறதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். நம்மூர்க் கடையில் சட்டென்று கிடைக்கிற சாமான் இல்லை.

66, 99: பாபினை மேலிருந்து போடுகிற வகை. 99 என்பது 66-இன் சின்ன அளவு. இவற்றின் பாபின் வேறு வகை. 15-இன் பாபினைத் திணித்து ஓட்டக் கூடாது. ஆரம்ப கால 66-களில் சிலவற்றில், துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் பின்பக்கமாக மாட்டும். இன்றைய ஃபுட்கள் அதற்குப் பொருந்தாது.

201: ஷட்டில் ஆடுவதற்குப் பதில் முழு வட்டமாகச் சுழலும். ஓட்டம் வழுவழுப்பு, சத்தம் குறைவு. ‘201கே’ என்று இருந்தால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது. 1880-களில் திறந்து 1980-ல் மூடிய ஆலை அது. நல்ல நிலையில் 201 கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குயில்ட் தைக்க இதைவிட நல்ல பழைய மெஷின் எனக்குத் தெரிந்து இல்லை.

221: அமெரிக்கக் குயில்ட்காரர்கள் உருகி உருகிப் பேசும் ஃபெதர்வெயிட். 1933-ல் வந்தது. அலுமினிய உடல், எடை 5 கிலோ அளவுக்குத்தான். துண்டு ஒட்டும் வேலைக்கு அருமை. ஆனால் ஊசிக்கு வலப்பக்க இடம் குறைவு. பெரிய குயில்ட்டைச் சுருட்டி நுழைப்பது சிரமம். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் அதன் மோட்டார் 110 வோல்ட் என்பதை மறக்காதீர்கள். நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் மோட்டார் கருகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: ‘பழசு என்றாலே முழுக்க இரும்பு’ என்று நம்பிவிட வேண்டாம். 1960-களிலிருந்து சில மாடல்களில் பிளாஸ்டிக், நைலான் பற்சக்கரங்கள் வந்துவிட்டன. வருஷக்கணக்கில் அவை காய்ந்து வெடிக்கும். வெளியே இரும்பாக இருந்தாலும் மேல்மூடியையும் அடிப்பக்கத்தையும் திறந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

பழைய மெஷினைப் பார்த்து வாங்குவது எப்படி?

பழைய மெஷின் கடையில் முதலில் கேட்பார்கள்: “ஹெட்டு மட்டும் போதுமாக்கா, ஸ்டாண்டோட வேணுமா?” ஹெட்டும் ஸ்டாண்டும் தனித்தனியே விலை பேசும் சாமான்கள். ஹெட்டைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டு ஆடினால் திருகை இறுக்கிக்கொள்ளலாம், பலகையை மாற்றிக்கொள்ளலாம்.

பளபளப்புக்கு மயங்காதீர்கள். புதுப் பெயிண்ட்டும் புது ஸ்டிக்கரும் உள்ளே இருக்கும் தேய்மானத்தைச் சொல்லாது. கையோடு கொண்டுபோக வேண்டியவை: ஒரு புது ஊசி, உங்கள் நூல், ஒரே நீளத்துக்கு வெட்டிய இரண்டு பருத்தித் துணிப் பட்டை, ஒரு வெள்ளைத் தாள், நீங்கள் போடப் போகும் பஞ்சு விரிப்பை நடுவில் வைத்து அடுக்கிய ஒரு சின்னத் துண்டு.

முதலில் நூல் இல்லாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் இடித்தால் ஏதோ தட்டுகிறது என்று பொருள். சுற்று முழுக்கவே கனமாக இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பழைய எண்ணெய் காய்ந்து பிசின் ஆகியிருக்கும், சுத்தம் செய்தால் இளகும். பிறகு சக்கரத்தை லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். ஊசி அசைவதற்கு முன் சக்கரம் வெறுமனே அதிகம் ஆடினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. ஊசிக் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் அந்த மெஷினை விட்டுவிடலாம்.

அடுத்தது தாள் சோதனை. நூல் கோக்காமல் வெள்ளைத் தாளில் ஒரு வரி ஓட்டுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டைகள் ஒரே இடைவெளியில், ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஓட்டைகள் நெருங்கியும் விலகியும் இருந்தால், துணியை நகர்த்தும் பல் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது.

பிறகு துணிப் பட்டைகள். ஒரே நீளமுள்ள இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, இழுக்காமல் தையுங்கள். முடிவில் மேல்துணி நீண்டு வந்தால் ஃபுட்டின் அழுத்தம் அதிகம். மெஷின் தலையின் மேல் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அதில் சரியாகிவிட்டால் நல்லது. இந்தச் சோதனையைக் கடைக்காரர்கள் செய்து காட்ட மாட்டார்கள், நீங்களே செய்யுங்கள். குயில்ட்டுக்கு இதைவிட முக்கியமான சோதனை வேறு இல்லை.

கடைசியாக அடுக்குத் துணி. தையலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கீழே லூப் அடித்தால் முதலில் மேல்நூலை மறுபடி கோத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்காது. தையல் விட்டுவிட்டுப் போனால் ஊசி தப்பாக மாட்டியிருக்கலாம். தட்டைப் பக்கம் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பொது விதி ஒன்று: ஊசியில் நீளப் பள்ளம் ஓடும் பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் தையல் விட்டால் ஷட்டிலின் முனை மழுங்கியிருக்கலாம். 15 வகையில் ஷட்டில் மாற்றுவது சின்ன வேலை.

பின்தையல் இல்லாத பழைய மெஷினைக் கண்டு தயங்க வேண்டாம். துண்டுகளை ஒட்டும்போது ஒவ்வொரு தையலின் முனையையும் அடுத்த தையல் குறுக்கே ஓடி அடைத்துவிடும். பின்தையல் போட்டால் அந்த இடம் தடித்து, மூலை சரியாக மடங்காமல் போவதுதான் மிச்சம்.

மிதியா, கையா, மோட்டாரா?

குயில்ட் கற்றுக்கொள்பவர்களுக்கு என் பரிந்துரை மிதி. இரண்டு கையும் துணிமேல் இருக்கும். மூலை வரும்போது ஒரு தையல், இன்னொரு தையல் என்று காலால் நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம். கரண்ட் போனாலும் வேலை நிற்காது. கை மெஷின் துண்டு ஒட்ட நன்றாக இருக்கும். ஆனால் வலக்கை சக்கரத்தில் மாட்டிக்கொள்வதால், மூன்று அடுக்கைத் தள்ளிப் பிடிக்கும் வேலைக்குக் கை போதாது. முழங்கால் வலி உள்ளவர்கள் அதே ஹெட்டுக்குச் சின்ன மோட்டார் மாட்டிக்கொள்ளுங்கள். கால் பெடலை மெல்ல அழுத்தினால் மெஷின் மெல்ல நகர்கிறதா, அல்லது எடுத்த எடுப்பில் பாய்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும்.

பழைய மெஷினோடு பழைய மோட்டாரும் வந்தால், ஒயரின் மேலுறை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெடித்திருந்தால் எலெக்ட்ரீஷியன் புது ஒயர் போடும் வரை பிளக்கில் செருகவே கூடாது.

இயந்திரங்கள் மனிதரை விழுங்குவதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட காந்தி, 1924-ல் சிங்கர் மெஷினுக்கு விலக்கு அளித்தார். மனைவியின் உழைப்பைக் குறைக்கும் அன்பில் பிறந்த கருவி என்பது அவர் சொன்ன காரணம். மிதி மெஷினில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த விலக்கு நியாயமாகவே படுகிறது. ஓட்டுகிறவரின் வேகத்துக்கு ஓடுகிற இயந்திரம் அது.

புது மெஷின் எங்கே ஜெயிக்கிறது?

இப்போது மறுபக்கம். கீழே சொல்லும் தேவைகள் உங்களுக்கு இருந்தால் புதுசே வாங்குங்கள்.

அப்ளிக் வேலையை மெஷினில் செய்ய ஜிக்ஜாக் வேண்டும். குயில்ட்டோடு குழந்தைக்குப் பனியன் துணியில் உடையும் தைக்க வேண்டும். வீட்டில் ஸ்டாண்டு போட இடமில்லை. தைத்து முடித்ததும் தூக்கி அலமாரியில் வைக்க வேண்டும். அல்லது பழைய மெஷினைத் திறந்து துடைத்துப் பழக நேரமோ விருப்பமோ இல்லை. இவை எல்லாமே நியாயமான காரணங்கள்.

புது மெக்கானிக்கல் மெஷின்களில் மூன்று வகையைப் பிரித்துப் பாருங்கள். முதல் வகை, இன்றும் புதிதாகச் செய்து விற்கிற அதே கறுப்பு நேர்த்தையல் மெஷின். பழசு தேடி அலைய முடியாதவர்களுக்கு இதுவே போதும். மேலே சொன்ன சோதனைகளை இதற்கும் செய்யுங்கள். புதுசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் இருக்கும்.

இரண்டாவது வகை, உஷா ஜனோம், சிங்கர் போன்ற பெயர்களில் வரும் வெள்ளை நிற ஜிக்ஜாக் மெஷின்கள். வாங்கும்போது எத்தனை தையல் என்று பெட்டியில் போட்டிருப்பதை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள்: பல்லைக் கீழே இறக்க முடியுமா? ஃபுட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியுமா? நேர்த்தையலுக்கு ஊசியை நடுவிலும் ஓரத்திலும் வைக்க முடியுமா? சின்ன ஓட்டை பிளேட் தனியே கிடைக்குமா? உள்ளே இருக்கும் சட்டம் இரும்பா? வேகத்துக்கு மயங்க வேண்டாம். சிங்கர் ஹெவி டியூட்டி 4423 நிமிடத்துக்கு 1,100 தையல் போடும், நல்ல வேகம்தான். ஆனால் கால் அங்குலத்தைப் பிடித்துத் தைக்கும் நேரத்தில் நாம் அந்த வேகத்தின் பக்கமே போவதில்லை.

மூன்றாவது வகை, குயில்ட்டை மனதில் வைத்தே செய்த பெரிய நேர்த்தையல் மெஷின்கள். ஜூக்கி டிஎல் 2010க்யூ, பிரதர் பிக்யூ 1500எஸ்எல், ஜனோம் 1600பி ஆகியவை இந்த வகை. நிமிடத்துக்கு 1,500, 1,600 தையல், பெரிய இடம், அருமையான தையல். இவை முழு மெக்கானிக்கல் இல்லை; மோட்டாரைக் கட்டுப்படுத்த, நூலை வெட்ட, கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ் இருக்கும். ஆனால் தைப்பது நேர்த்தையல் மட்டும்தான். வருஷம் முழுக்கப் பெரிய படுக்கை விரிப்புகளாகத் தைப்பவர்கள், சிங்கப்பூர், லண்டன், டொரொண்டோ மாதிரி ஊர்களில் இருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. திருப்பூர் போன்ற ஊர்களில் பனியன் கம்பெனிகள் கழித்துக் கட்டிய ஜூக்கி பவர் மெஷின்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். டிடிஎல் 8700 போன்றவை நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடக் கூடியவை. ஊசிக்கு வலப்பக்க இடமும் தாராளம். வாங்கினால் பழைய கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு, மெல்ல ஓட்டக் கூடிய சர்வோ மோட்டார் போடுங்கள். துண்டு ஒட்டவும் நேர்க்கோட்டுக் குயில்ட்டிங்குக்கும் இது குதிரை மாதிரி உழைக்கும். பல்லை இறக்கிக் கையால் பூ வரையும் வேலைக்கு இது ஏற்றதில்லை. தனி மேசை வேண்டும், எடை அதிகம் என்பதையும் யோசியுங்கள்.

மூன்று அடுக்கை ஓட்டும்போது

மெஷினின் உண்மையான சோதனை இங்கேதான். கீழே இருக்கும் பல் அடித்துணியை நகர்த்தும். மேல்துணியை ஃபுட் பிடித்துக்கொள்ளும். நடுவில் பஞ்சு இருப்பதால் மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். இதற்குத்தான் வாக்கிங் ஃபுட். அதற்கும் சொந்தமாகப் பல் உண்டு. மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும். 15, பின்பக்கம் மாட்டாத 66, 201, 221, உஷாவின் நேர்த்தையல் மெஷின் எல்லாமே ஃபுட் மாட்டும் கம்பி குட்டையான ‘லோ ஷாங்க்’ வகை. ஆகவே லோ ஷாங்க் வாக்கிங் ஃபுட் மாட்ட முடியும். ஆனால் ஒரு விஷயம்: இந்த ஃபுட்கள் அகலமான ஜிக்ஜாக் பல்லுக்காகச் செய்தவை. கறுப்பு மெஷினின் பல் குறுகலானது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராவிட்டால் முழுப் பலன் கிடைக்காது. கடையில் மாட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

பல்லை இறக்கிவிட்டு, துணியை நாமே நகர்த்தி வளைவுகள் போடுவது இன்னொரு முறை. சில கறுப்பு மெஷின்களில் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தினால் பல் இறங்கிவிடும். இல்லாதவற்றில் பல்லை மூடும் தகடு போடலாம், தையல் நீளத்தைப் பூஜ்யத்தில் வைத்தும் தைக்கலாம். துணி தாராளமாக நகர இடம் விடும் டார்னிங் ஃபுட் மட்டும் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது இடம். 60 அங்குல அகலக் குயில்ட்டை நடுவில் தைக்கும்போது 30 அங்குலத் துணி சுருண்டு ஊசிக்கு வலப்பக்கம் போக வேண்டும். கறுப்பு மெஷினில் அங்கே இருப்பது சுமார் 7 அங்குலம். தடித்த பாலியஸ்டர் பஞ்சு போட்டால் நுழையாது. நம் வெயிலுக்கு அந்தத் தடிப்பும் வேண்டாம். மெல்லிய பருத்தி விரிப்பு, அல்லது துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய பருத்திச் சேலையை நடுவில் வைத்தால் சுருள் ஒல்லியாகும், போர்வையும் இதமாக இருக்கும். இன்னும் பெரிதாக வேண்டுமென்றால் கட்டம் கட்டமாக அடுக்கித் தைத்து, கடைசியில் கட்டங்களை ஒட்டுங்கள்.

சில கைவேலைகள்

கால் அங்குலத்துக்குத் தனி ஃபுட் கிடைக்காவிட்டால், ஸ்கேலை ஃபுட்டுக்கு அடியில் வைத்து, ஊசி கால் அங்குலக் கோட்டின் மேல் இறங்கும்படி பிடித்து, ஸ்கேலின் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணி அதில் இடித்துக்கொண்டே போகும். தையல் நீளம், துண்டு ஒட்ட அங்குலத்துக்கு 10 முதல் 12. மூன்று அடுக்குக்கு 8 முதல் 10.

ஊசி, வீட்டு மெஷினுக்கான ஹெச்.ஏ.எக்ஸ்.1 வகை. மெல்லிய பருத்திக்கு 11, அடுக்குக்கு 14. பவர் மெஷினின் உருண்டைத் தண்டு ஊசியை வீட்டு மெஷினில் போடக் கூடாது. ஒரு குயில்ட் தொடங்கும்போது ஒரு புது ஊசி.

எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் மட்டுமே. தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் பிசினாகி மெஷினை இறுக்கிவிடும். இறுகிப்போன மெஷினுக்கு மண்ணெண்ணெய் விட்டு, மெல்லச் சுற்றி, அழுக்கைத் துடைத்து எடுத்த பிறகு நல்ல எண்ணெய் விடுங்கள். 201-இன் சில வகைகளில் மோட்டார் உள்ளேயே பல்சக்கரத்தோடு இருக்கும். அந்த இடத்துக்குக் கிரீஸ்தான், எண்ணெய் ஆகாது. பழைய சிங்கரின் தங்க நிறப் பூவேலையை ஸ்பிரிட் கொண்டு துடைக்காதீர்கள்; மேல்பூச்சு கரைந்து, பூவும் போய்விடும். கடலோர ஊர்க்காரர்கள் தைத்து முடித்ததும் பிளேட்டையும் ஊசிக் கம்பியையும் எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

என் தீர்ப்பு

வீட்டில் 15 வகைக் கறுப்பு மெஷின் இருக்கிறது, சோதனைகளில் தேறுகிறது என்றால் வேறு எதையும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு வாக்கிங் ஃபுட்டும் நல்ல பருத்தித் துணியும் வாங்குங்கள். வீட்டில் இல்லை, ஆனால் குயில்ட் மட்டுமே நோக்கம் என்றால் செகண்ட் ஹேண்ட் கறுப்பு மெஷின்; அதிர்ஷ்டம் இருந்தால் 201. அப்ளிக்கும் உடையும் சேர்ந்து வேண்டுமென்றால் பல் இறங்கக் கூடிய புது ஜிக்ஜாக். நாள்தோறும் பெரிய விரிப்புகள் தைப்பவர்களுக்கு மட்டும் பெரிய நேர்த்தையல் மெஷின் அல்லது பவர் மெஷின்.

எதை வாங்கினாலும் அதை ஒரு முறையாவது நீங்களே திறந்து, ஷட்டிலைக் கழற்றி, துடைத்து, மாட்டிப் பழகுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்கு நூல் அறுந்தால் பதற்றம் வராது. மெஷின் வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்கள், கடைக்குப் போகும் முன் உங்கள் அம்மாவிடமும் அத்தையிடமும் சித்தியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்கள் தேடும் மெஷின் அவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.